இருபதை நாற்பதாக்கியது நான்தான்

பெயர்: சதாசிவம் த/பெ கிருஷ்ணன். வயது 53. தொழில்: விதைப்பு இயந்திரங்களுக்கு மோட்டார் பொருத்துதல், பழுது பார்த்தல். முகவரி: ரெங்கம், ஜொகூர்.

முதலில் வெட்கக்கேடான ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கண்காணிப்புக் கேமராவில் டிராக்டரில் ஏறும் ஆளின் கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது. அந்த ஆள் நான்தான். உள்ளே தெரியும் நீலக் கோடு போட்ட உள்ளாடையும் என்னுடையதுதான். என் மனைவி புஷ்பவள்ளி அதைப் போலீஸார் முன்னிலையில் அடையாளம் காட்டிவிட்டதால் மறுப்பதற்கில்லை.

புகார்தாரர் மதிவாணனுக்கு லாபிஸ் பக்கம் மக்காச்சோளத் தோட்டம் இருக்கிறது. கடந்த ஜனவரியில் அவருடைய ஆறு வரிசை இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தேன். மண்ணின் வளத்தைப் பார்த்து, வரைபடத்தில் உள்ளபடி இடத்துக்கு இடம் விதையைக் கூட்டிக் குறைத்துப் போடும் மோட்டார் அது. அதன் பிறகு அவர், சத்தம் அதிகம் என்று மோட்டாரைச் சுற்ற வைக்கும் எண்ணெயை அனுப்பும் டிராக்டர் திருகைத் தாமே குறைத்து வைத்துவிட்டார். எண்ணெய் போதாததால், அதிக விதை கேட்ட நடுப்பகுதியில் மோட்டார் திணறி, அங்கே திட்டுத் திட்டாக முளைக்காமல் போயிற்று. நான் போய்த் திருகைக் காட்டினேன். அவர் சிரித்தார்.

அதன் பிறகு விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வயலின் படத்தையும் என் தலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "சதா அண்ணே வேலய பாருங்க லா. தலையும் காடும் ஒரே டிசைன்" என்று குரல் பதிவு அனுப்பினார். நாற்பத்தேழு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். நானும் தவறுதலாக ஒன்று போட்டுவிட்டேன்.

அதன் பிறகு நான்கு மாதம் ஒருவரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் கூப்பிடும் கமலாட்சியம்மாகூட, "இந்த தடவ வேற ஆளு வராங்கண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன்.

14.5.2025 அன்று மதிவாணன் அதே இயந்திரத்தை அதிகாரிகளுக்கும் மற்ற விவசாயிகளுக்கும் ஓட்டிக் காட்டப்போவதாக அறிந்தேன். மதியம் எல்லோரும் கூடாரத்தில் பிரியாணிக்கு உட்கார்ந்த நேரம் டிராக்டரில் ஏறினேன். படியில் கால்சட்டை கிழிந்தது. இயந்திரத் திரையின் கடவு எண் நான் வைத்ததே இருந்தது. விதைத் தட்டில் எத்தனை துளை என்ற இடத்தில் இருபது என்றிருந்ததை நாற்பது என்று மாற்றினேன். துளைக்கு ஒரு விதை விழும் என்று அந்த எண்ணை நம்பித்தான் மோட்டார் தட்டைச் சுற்றும். துளை இரண்டு மடங்கு என்று பொய் சொன்னால் பாதி வேகத்தில் சுற்றும், பாதி விதைதான் விழும். விழும் விதையை எண்ணும் கருவி அந்த இயந்திரத்தில் இல்லாததால், திரை எல்லாம் சரி என்றே காட்டும். முளைத்த பிறகுதான் தெரியும். இருபத்தாறு வருட அனுபவத்தில் இவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அதன் பிறகு எதிர்க்கடையில் தே தாரே குடித்துக்கொண்டே விதைப்பைப் பார்த்தேன். அதிகாரிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டில் புஷ்பவள்ளி, "சிலுவார எங்க போயி கிழிச்சீங்க? இந்த வயசுல சுவரேறிக் குதிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

முளை தெரியும் நாளில் போய் அந்த வயலைப் படமெடுத்து, மதிவாணனின் தலைப் படத்தோடு அதே குழுவில் போடுவதாக இருந்தேன். அவருக்கு முடி அடர்த்தி என்பது மட்டும்தான் இடைஞ்சல். அதற்குள் அத்துமீறி ஏறியதாக அவர் கொடுத்த புகாரில் அழைக்கப்பட்டேன்.

வருத்தப்படுகிறீரா என்று கேட்கப்பட்டது. இல்லை. திருகைக் குறைத்தது தாம்தான் என்று அந்தக் குழுவில் அவர் சொல்லட்டும், அதன் பிறகு வருத்தப்படுகிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டாமல் நானாகச் சொன்னது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சதாசிவம், 21.5.2025

பதிவு செய்தவர் குறிப்பு: இன்று காலை வயல் பார்வையிடப்பட்டது. பயிர் குறித்த இடைவெளியில், எங்கும் விடுபடாமல் முளைத்துள்ளது. சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு புகார்தாரர் ஆறு வரிசைக்கும் நாற்பது துளைத் தட்டு மாற்றியுள்ளார். திரையில் இருந்த இருபது என்ற பழைய எண்ணை மாற்ற மறந்துவிட்டதாகச் சொல்கிறார்.