கந்தப்பு பார்த்துச் சொன்ன வேலை

எனக்குச் சுடுதண்ணீரில் முழுகிப் பழக்கமில்லை ஐயா. மார்கழிப் பனியிலும் கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு போகிறவன். ஆகவே ஹீற்றரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போகப்போக நான் பெரிய விண்ணன் போலக் கதைப்பேன், நீங்களும் நம்பிவிடுவீர்கள். எங்கள் ஊர் நம்பித்தான் இருக்கிறது.

அப்பா காங்கேசன்துறையில் சுண்ணாம்புக் கல் உடைத்தவர். நான் மீசை முளைக்க முதலே அலவாங்கு தூக்கிக் கிணறு வெட்டப் போனேன். பிறகு மேசன் வேலையும் பழகினேன். இடுப்பு விழுந்த பிறகு வேலை செய்ய ஏலாமல் போனது. அதனால் மற்றவர்கள் செய்த வேலையில் குறை சொல்லத் தொடங்கினேன். அதற்கு இடுப்புத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக்காரர் வெளிநாட்டில். மேசனோ வயர்மனோ வேலையை முடித்ததும் அங்கிருந்து போன் வரும், கந்தப்பு அண்ணையை ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ என்று. நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போவேன். கையைப் பின்னால் கட்டி ஒரு சுற்றுச் சுற்றுவேன். சுவரை விரல்மொழியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காது. கேட்டவன் போலத் தலையாட்டுவேன். பிறகு ஒரு குறை சொல்வேன். எல்லாம் சரியென்று சொல்லுவதற்கு ஒரு ஆள் தேவையில்லையே.

இராசமலர் எங்கள் ஒழுங்கைதான். புருஷன் இல்லை. மகன் பஞ்சலிங்கம் நோர்வேயில். அங்கே வீடு முழுக்கச் சூடாக்கி வைத்திருப்பார்களாம். இங்கே தாய், முழங்கால் வருத்தத்தோடு, திருவெம்பாவைக்கு விடியப்புறம் பச்சைத்தண்ணீரில் முழுகுகிறாள் என்று அவனுக்குக் கவலை. எங்கள் ஒழுங்கைக் கரண்டை நம்ப முடியாது, நினைத்த நேரம் நின்றுவிடும். அதனால் காஸ் ஹீற்றர் பூட்டச் சொன்னான். பூட்ட வந்தவன் ஜெயரூபன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பெடியன். சுவரில் மெசினைப் பிடித்தான், தோசை போல வட்டமாகக் கல் கழன்று வந்தது. அதே துளைக்கு நான் உளியோடு அரை நாள் நின்றிருப்பேன், பாதிச் சுவரும் விழுந்திருக்கும். அவன் சேட்டில் வியர்வையே இல்லை. வியர்க்காமல் செய்ததை நல்ல வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனில் பஞ்சலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இராசமலர் பக்கத்தில் நின்றாள். ஜெயரூபன் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினான். புகை வெளியே போகும் குழாயைப் பற்றியும் ஏதோ சொன்னான், நான் காது கொடுக்கவில்லை. என் வேலை குறை பிடிப்பது. குழாயைத் தடவிக்கொண்டு போனபோது ஓரிடத்தில் விளிம்பு நகத்தில் தட்டியது.

"உந்த ஜொயின்ற் சரியில்லைத் தம்பி" என்றேன்.

"அண்ணை, அது ஜொயின்ற் இல்லை. ஸ்ரிக்கர்" என்றான். சொல்லிக்கொண்டே உரித்துக் காட்டினான்.

இராசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். நோர்வே பொத்தவில்லை. பெடியன் மட்டும் சிரிக்கவில்லை ஐயா, அதுதான் கூட நொந்தது. நான் தொண்டையைச் செருமி, "திருவெம்பாவை முடிய முன்னம் உது நிண்டிடும். எழுதி வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் திருவெம்பாவை என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏதாவது ஒரு தவணை சொன்னால்தான் சொல்லுக்கு மதிப்பு.

ஹீற்றர் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் இராசமலர் முழுகி, ஈரத் தலையை முடிந்துகொண்டு, எல்லோருக்கும் முன்னால் கோயிலில் நின்றாள். தேத்தண்ணிக் கடைத் தம்பிராசாவுக்கு அதுவே பொழுதுபோக்கு. "என்ன அண்ணை, இண்டைக்கும் மலரக்காவுக்குத் தண்ணி சுட்டதாம். தவணையைத் தள்ளிப் போடுவமோ?" என்பான். கடையில் இருந்தவர்கள் பிளேன்ரீயை ஊதிக்கொண்டு சிரிப்பார்கள். இவ்வளவு காலமும் சுவருக்குக் காது வைத்தவனுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது.

தவணை முடிவதற்கு முதல் நாள், மத்தியானத்தில், சாந்தகப்பையோடு போனேன். பின்சுவரில் வெடிப்பு இருக்கிறது, பூசிவிடுகிறேன் என்றேன். வெடிப்பு இருக்கவில்லை. அந்தச் சுவரில் இருந்தது புகைக்குழாயின் வாய் மட்டும்தான். உள்ளே தென்னந்தும்பை அடைத்து மேலே சீமெந்து வைத்தேன். ஹீற்றர் மூச்சு முட்டி நின்றுவிடும், ஊர் வாயைப் பொத்தும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அண்டைக்குச் சிரிச்சுப்போட்டன் அண்ணை. மனசிலை வைக்காதேங்கோ" என்றாள்.

நான் எதையும் மனதில் வைக்கிற ஆளில்லை என்றேன். கையில் சீமெந்து காய்ந்துகொண்டிருந்தது.

காது கொடுக்கவில்லை என்று முதல் சொன்னேனே ஐயா. கொடுத்தேன். ஜெயரூபன் சொன்னது இதுதான்: "இந்தக் குழாய்தான் முக்கியம் அண்ணை. பனிக்கு யன்னலைச் சாத்தினாலும் பயமில்லை, புகையை இது கொண்டுபோம். இது அடைபட்டால் ஹீற்றர் நிக்குமெண்டு நம்பேலாது. உள்ளுக்கு நிக்கிற ஆள்தான் விழும். மணமும் வராது." இராசமலர் பாதி கேட்டாள், பஞ்சலிங்கத்துக்குப் பாதி விளங்கியது. முழுவதையும் கேட்டவன் நான்தான்.

அடுத்த நாள் விடியப்புறம் கோயிலில் இராசமலரைக் காணவில்லை. திருவெம்பாவை பாடி முடிந்தும் வரவில்லை. தண்ணீர் சுடவில்லைப் போலும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அன்றைக்குச் சுண்டல் ருசியாக இருந்தது. விடிந்த பிறகுதான் அயலவர்கள் குளியலறைக் கதவை உடைத்தார்கள். யன்னல் சாத்தியபடி இருந்ததாம். தண்ணீர் சுடச்சுட ஓடிக்கொண்டே இருந்ததாம். ஆக, நான் சொன்னது அப்போதும் பிழையாகிவிட்டது.

ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. கந்தப்பு அண்டைக்கே சொன்னவர் என்று செத்த வீட்டிலேயே கதைத்தார்கள். தம்பிராசா எழுந்து கதிரை தந்தான். நோர்வேயிலிருந்து வந்து இறங்கிய பஞ்சலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கடை சொல்லைக் கேட்டிருக்கோணும் அண்ணை என்று அழுதான். நானும் அழுதேன். அது பொய்யில்லை. ஜெயரூபனைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தீர்கள். எனக்கு முன்னைவிடக் கூடப் போன் வந்தது. புதுச் சேட்டு ஒன்று தைப்பித்தேன்.

பிறகு ஜெயரூபனின் தாய் வந்தாள். மீன் சந்தையில் கூடை தூக்குகிறவள், கை காய்த்துப் போயிருந்தது. "அண்ணை, உங்கடை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளை செய்த வேலையிலை பிழையில்லை எண்டு. நீங்கள் சொன்னால்தான் எல்லாரும் கேப்பினம்."

பாப்பம் என்றேன். அவள் போன பிறகு சாப்பிட்டேன், படுத்தேன், நித்திரையும் வந்தது.

ஆனாலும் அவள் கண்ணீருக்காகத்தான் இன்றைக்கு வந்தேன் ஐயா. மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது. நேற்று நீதிமன்றத்தில், ஹீற்றரைச் சோதித்தவர்களின் அறிக்கையை வாசித்ததால் வரவில்லை. பூச்சு வேலையின்போது கவனயீனமாகச் சிந்திய சீமெந்து குழாயை அடைத்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெடியனுக்குச் சாந்து குழைக்கவே தெரியாது. அவன் பூட்டிய ஹீற்றரில் ஒரு பிழையும் இல்லை, அதை என் வாயால் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். அவனை விடுங்கள்.

ஆனால் அந்தக் 'கவனயீனம்' என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். மணலை அரித்துத்தான் குழைத்தேன். விளிம்பை நனைத்து, காற்றுக் குமிழ் நிற்காமல் குத்தி இறக்கினேன். பொழுதுபட இன்னொருதரம் போய், வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு வைத்துவிட்டு வந்தேன். இந்த இடுப்போடு குனிந்து செய்த வேலை. நம்பாவிட்டால் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது.