இரண்டாவது வழி

தூசி என் மனைவிக்கு ஆகவே ஆகாது, சார். அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு ஆஸ்துமா. எங்கள் வீட்டை ஒட்டிய மண் சாலையில் ஒரு பைக் போனால் போதும், விடிய விடிய இருமுவாள்.

அந்தச் சாலை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். காட்டை ஒட்டிய மலைக் குடியிருப்பு எதுவானாலும், தீப்பிடித்தால் வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. சாலைத் துறையில் இருந்தபோது அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். இரண்டாவது வழிக்கு கேட் போடலாம், ஆனால் ஓங்கி ஓர் அடி அடித்தால் அறுந்துபோகிற மெல்லிய சங்கிலிதான் போட வேண்டும் என்ற வரி என்னுடையது. நல்ல வரிதான். இன்றைக்கும் அதில் மாற்ற ஒன்றுமில்லை.

ஆனால் குறுக்கு வழி என்று தெரிந்தால் விடுவார்களா? எவனாவது சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் யானையைக் கட்டுகிற மாதிரி ஒன்று வாங்கி நானே மாட்டினேன். சாவி என்னிடம். காலனிக்காரர்கள் கேட்டபோது, "டிபார்ட்மென்ட்ல சொல்லித்தான் மாத்தியிருக்கு" என்றேன். ரோட்டு விஷயத்தில் என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

என் தம்பி மட்டும் கிண்டல் செய்வான். "அந்த கேட்டுதான் அண்ணன் பெத்த பிள்ளை. தாலாட்டு பாடாம தூங்கப் போக மாட்டாரு." மேல் தெருவில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தான்.

தீ வந்தது மத்தியானத்தில். மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். மெயின் ரோட்டு வளைவில் மரங்கள் குறுக்கே விழுந்து எரிந்துகொண்டிருந்தன. மனைவியை வண்டியில் ஏற்றி, கேட்டைத் திறந்து, வெளியே வந்து, இறங்கித் திரும்பவும் பூட்டினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எல்லாம் கணக்குதான் சார். அந்த மண் சாலையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். ஒரு பக்கம் பள்ளம். காலனியே பின்னால் திரண்டு வந்தால் புழுதியில் கண் தெரியாது, பதற்றத்தில் எவனாவது எங்களை இடித்துத் தள்ளிவிடுவான். கீழே போய்ச் சேர்ந்ததும் தீயணைப்புக்காரர்களிடம் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பாதி வழியில் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, கேட்டு பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்டதானே? எங்க இருக்கீங்க? எனக்குப் பின்னாடி நிறைய வண்டி நிக்குது."

அங்கேயே நின்றால் எதையாவது வைத்து உடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று தோன்றியது.

"மெயின் ரோட்டுல போடா. வழி விட்டாச்சு. மத்தவங்களையும் கூட்டிட்டுப் போ."

"சரிண்ணா."

யார் சொன்னது, எப்போது விட்டார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. ரோட்டைப் பற்றி அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். சின்னவள் தண்ணீர் கேட்டுச் சிணுங்கிய சத்தம் போனில் கேட்டது. வளைவில் வரிசையாகக் கருகி நின்ற வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் நின்றது அவனுடையது.

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவன் நான். அன்றிலிருந்து ஒரு வாய் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மனைவிக்காகத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளோ தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், என் முகத்தில் விழிப்பதில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை, சார். கண்ணாடியை ஏற்றியிருந்தோம். தம்பி போனை வைத்ததும் என் சட்டைப் பையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். "வண்டிய நிறுத்துங்க, நான் நடந்தே போய்த் திறக்கிறேன்" என்று தெளிவாகச் சொன்னாள். நான் வண்டிக் கதவுகளையும் பூட்டினேன்.