நெஞ்சில் ப்ளாக் நம்பர்

நெய்வேலியில் ஸ்வெட்டர் தேவைப்படுவது மார்கழியில், அதுவும் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். ஆனாலும் நம் மாதர் சங்கத்தில் வருடம் முழுவதும் பின்னுகிறோம். போட்டியில் முதல் பரிசு வாங்குகிறவர்தான் அடுத்த வருடம் பின்னல் வகுப்பு நடத்துவார். மூன்று வருடமாக நான் நடத்துகிறேன். மளிகைக் கடைக்காரர்கூட என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

அம்சவல்லி பக்கத்துக் குவார்ட்டர்ஸ். காடாம்புலியூர்ப் பெண். என் வகுப்பில்தான் ஊசி பிடிக்கக் கற்றாள். இந்த வருடம் அவள் பின்னிய ஸ்வெட்டர் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதை நான் மறைக்கவில்லை.

பின்னி முடித்ததை நனைத்து, துண்டில் சுற்றிப் பிழிந்து, மெத்தைமேல் அளவுக்கு இழுத்து விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். அப்போதுதான் சுருட்டல் போகும். ஆங்கிலப் பின்னல் புத்தகம் இதை ‘ப்ளாக்’ செய்வது என்கிறது. வகுப்பில் அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

அம்சவல்லி புத்தகத்தோடு வந்தாள். அதில் அவளால் படிக்க முடிந்த ஒரே வார்த்தை அதுதான். நம் டவுன்ஷிப்பில் ப்ளாக் நம்பர் எழுதியிருக்கும் தெருமுனைப் பலகையில் தினமும் பார்க்கிறாள்.

“கடைசியில பிளாக்குன்னு போட்டிருக்குதுங்களே டீச்சர், நம்ம பிளாக்கு நம்பருங்களா?”

நான் ‘ம்’ என்றேன். ஒரே எழுத்து.

“எங்கங்க போடறது?”

“நெஞ்சுல போடு. சிவப்பு நூல்ல.”

“குவார்ட்டர்ஸ் நம்பரும்?”

“போட்டா நல்லதுதான். உன் இஷ்டம்.”

‘உன் இஷ்டம்’ என்று சொன்னதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

என் ஸ்வெட்டரை அன்று மத்தியானமே கதவைச் சாத்திக்கொண்டு நனைத்து ஊசி குத்தினேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் பார்க்காமல் அதன்மேல் படுத்துவிட்டார். அவர் அலறிய சத்தம் கேட்டு அம்சவல்லி ஓடி வந்தாள். அவருக்குப் பல்வலி என்றேன்.

போட்டியன்று அவள் ஸ்வெட்டர் பொரித்த அப்பளம்போல் ஓரம் சுருண்டு, நெஞ்சில் முழு விலாசத்தோடு தொங்கியது. நடுவராக வந்த அம்மா, “இது ஸ்வெட்டரா, தபால் பார்சலா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்சவல்லி சிரிக்கவில்லை.

“டீச்சர்தாங்க சொன்னாங்க. நானும் விடிய விடிய குந்திக்கினு போட்டேன்.”

சங்கச் செயலாளரான நீங்கள்தான் என்னைக் கேட்டீர்கள், கஸ்தூரியம்மா: “அப்ப உங்க ஸ்வெட்டர்ல ஏன் நம்பரக் காணோம்?” அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன். அவள் தோற்கவேண்டும் என்றே சொன்னேன். வகுப்பை அவளுக்கே கொடுங்கள். இத்தனை வருடத்தில் நான் ஒருவருக்குச் செய்த ஒரே கெடுதல் இதுதான்.

போன வருடம் போட்டிக்கு முந்தின நாள், என் வகுப்பில் இருந்த சந்திரகலாவின் ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிப்போனதையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. கொதிக்கிற தண்ணீரில் முக்கச் சொன்னது மட்டும்தான் நான். லெகோ கரியைப் போட்டு அடுப்பை மூட்டி, தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருந்தது அவள்தான்.