நேசையனுக்குத் தண்ணீர் மறுத்தது பற்றி அவர் மனைவி சொன்னது

என் பெயர் சரோஜம். வயது ஐம்பத்தாறு. கணவர் பெயர் நேசையன். அமரவிளைக்குத் தெற்கே, ஆற்றுக்குப் போகும் சாலையில், சபைக்குப் பின்புறமுள்ள வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டு வேலையோடு ஒரு கறவை மாடும் பார்க்கிறேன். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். மலையாளம் பேசுவேன், எழுத வராது. ஆகவே இந்த ஸ்டேஷனில் தமிழ் எழுதத் தெரிந்த காவலர் ரெஜி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். அவரைச் சீக்கிரம் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நான் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் என் கணவரின் உயிருக்கு ஆபத்து என்பதை முதலில் எழுதச் சொன்னேன், எழுதிய பிறகே உட்கார்ந்தேன்.

என் கணவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் வதைப்பதாகவும், இன்று காலை அவருடைய அண்ணனை வெட்டுக்கத்தியோடு தாக்கியதாகவும் என் மேல் புகார். புகார் கொடுத்தவர் அந்த அண்ணன் வேதமாணிக்கமே. எனக்கு அத்தான் முறை. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. தண்ணீர் கொடுக்கவில்லை என்பது உண்மை. கத்தியை நான் தொடவில்லை.

நேசையன் பூவாரில் வெளியூர்க்காரர்களை ஏற்றிப் படகு ஓட்டிவந்தார். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் இருக்கிறது என்றார். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து அது வயிற்று வாயு என்று முடிவுகட்டி, இஞ்சியும் பூண்டும் தட்டிக் குடித்தார்கள். அதன் பிறகு படகைக் கட்டும்போது துறையிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்து, இதயத்துக்கு ரத்தம் போகிற குழாய்களில் அடைப்பு என்றும், வர நேரமானதால் இதயத்தின் சதை கொஞ்சம் செத்துவிட்டது என்றும் சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வந்தும் கால் வீங்கியது. குளிமுறிவரை நடந்தாலே மூச்சு இளைத்தது. திரும்பவும் சேர்த்து, ஊசி போட்டு உடம்பில் கட்டிய நீரை இறக்கினார்கள்.

இது ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டரம்மா சொன்னார். நான் அழுததும், இதயம் நின்றுபோகவில்லை, இறைக்கிற பலம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். மாத்திரை தவறக் கூடாது, உப்பு குறைய வேண்டும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது, தினமும் காலையில் எடை பார்த்து, சட்டென்று கூடினால் கொண்டுவர வேண்டும் என்றார். "சேச்சி, வெள்ளம் மாத்ரமல்ல. கஞ்சி, சாயா, ஜூஸ், எல்லாம் கூட்டணும்" என்று, தண்ணீரோடு குடிக்கிற எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என அவர் சொன்னதை என் மகள் லிஜாவும் கேட்டாள். கருக்கு கூடவே கூடாது என்றார். கருக்கு என்றால் இளநீர். அவர் சாப்பிடும் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் ஏதோ உப்பு கூடி இதயம் நின்றே போகலாமாம்.

அன்று முதல் ஒரு ஜக்கில் அளந்து வைத்துத்தான் கொடுக்கிறேன். கிணற்று வாளியையும் கயிற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன். அடுக்களையைப் பூட்டினேன். பல் தேய்க்கும் சாக்கில் குழாயில் வாய் வைக்கிறார் என்று கண்டு, குளிமுறிக் கதவுக்கு வெளியே நின்று சத்தம் கேட்டேன். இதெல்லாம் புகாரில் இருக்கிறது, எல்லாம் உண்மை. நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்த்தான் தண்ணீர் குடிப்பேன் என்பது புகாரில் இல்லை. அவர் கண்முன் ஒரு மடக்கு இறங்காது எனக்கு. "ஏசுவுக்குச் சிலுவையில காடியாவது நீட்டுனானுவ, நீ அதும் தரமாட்டே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். படுபாவி மனுஷன், ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முன்னாலேயே சொன்னார். அவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த வாரம் எடை கூடத் தொடங்கியது. நான் அளந்து கொடுத்தது அளவாகத்தான் இருந்தது, மாத்திரையும் தவறவில்லை. மெஷின் கேடாகிவிட்டதோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன். கேடில்லை. ராத்திரி ஒரு தலையணை போதும் என்றிருந்தவர் இன்னொன்று கேட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று காலை டாக்டரம்மாவைக் கூப்பிட்டதற்கு உடனே கொண்டுவரச் சொன்னார். ஆட்டோ பார்க்க வாசலில் இறங்கியபோது மதிலோரம் பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அத்தான் அந்தப் பக்கம் நின்று கருக்கு வெட்டி நீட்ட, இவர் இந்தப் பக்கம் நின்று ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் வெட்டிப்போட்ட கருக்குக் கூடு குவிந்து கிடந்தது.

நான் கத்தினேன். அதற்கு அத்தான், "என்னட்டி கெடந்து சாடுதே? எனக்க தம்பி நாக்கு வறண்டு கெடக்கான். நான் வெள்ளமா குடுத்தேன்? கருக்கு மருந்தாக்கும்" என்றார். ரெண்டு நேரமும் கஞ்சித்தண்ணியும் தன் வீட்டிலிருந்துதான் போகிறது என்று பெருமையாகவே சொன்னார். அது சாப்பாடாம், வெள்ளத்தில் சேராதாம். அதன் பிறகு நான் என் கணவர் வாயிலிருந்து கருக்கைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். அது அத்தானின் நெற்றியில் பட்டது. வெட்டுக்கத்தி அவர் வைத்த இடத்தில், மதில் மேலேயே இருந்தது. குறி வைத்து எறிந்தாயா என்று ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார். குறி வைத்திருந்தால் வாயில் பட்டிருக்கும் என்றேன். இதை எழுத வேண்டாம் என்றார். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

என் கணவர் தன் கையில் வழிந்ததை நக்கினார். நான் துண்டை எடுத்து அந்தக் கையைத் துடைத்தேன். அத்தான் போன் போட்டுச் சொல்லி, ஆட்டோ வருவதற்குள் போலீஸ் ஜீப் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன், முதலில் ஸ்டேஷனுக்கு என்றார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள அத்தானின் மனைவியை விட்டுவிட்டு வந்தோம். லிஜா நெய்யாற்றின்கரையில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள், அவளுக்குப் போன் போட்டு வீட்டுக்கு ஓடச் சொன்னேன்.

எஸ்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என் கணவர் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் இல்லாமல் இப்போதே போகலாம் என்றார். அத்தானும் சம்மதித்தார். சீக்கிரம் போகலாமே என்று, ரெஜி அந்த வரியை எழுதியதும் ஒப்பமிட எழுந்து பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். அப்போதுதான் லிஜா கூப்பிட்டாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "அம்மா, அப்பாவுக்குக் கெடக்க முடியல்ல. கெடந்தா மூச்சு முட்டுது, எழும்பிக் குத்தவச்சு இருக்காரு. பெரியம்மா உப்புப் போட்டு ஒரு சட்டி கஞ்சித்தண்ணி குடுத்திருக்கா" என்று அழுதாள். எஸ்.ஐ. உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அத்தான், "கஞ்சிதானே குடுத்தா" என்றார். பிறகு, "அவன் செத்துருவானாட்டி?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் கொடுக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு சும்மா இருந்தால் சாகமாட்டார் என்றேன்.

கேட்கும்போதெல்லாம் கொடுப்பேன் என்ற வரியை அடிக்கச் சொன்னேன், ரெஜி அடித்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏறியதும் அவர் என்னிடம்தான் தண்ணீர் கேட்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். கொடுக்க மாட்டேன். இதற்காக என்னை உள்ளே வைப்பதானால், அவரிடம் இல்லை என்று சொல்ல ஓர் ஆளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வையுங்கள்.

இதுவரை எழுதியதை ரெஜி வாசித்துக் காட்ட, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றே கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
நே. சரோஜம்