மேசை மேல் மூன்று போன்

சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா, தெரிந்தவர் ஒருவரைப் பார்த்ததும் சத்தமாகச் சொன்னார்:

"அண்ணே, மூணு கவர்மெண்டையும் ஒரே மேசையில பேச வெச்சுட்டேன்லா!"

"என்னம்மா சொல்ற?"

"போன வாரம் எங்க எஸ்டேட் தோட்டத்துல வெள்ளம்ல? பக்கத்து வீட்டு மாலாவுக்குப் பிரசவ வலி எடுத்துருச்சு. வெளிய போற ஜாலான் முழுக்கத் தண்ணி. தீயணைப்புக்குப் போன் அடிச்சா, போட் ரெடி, மாவட்ட ஆபீஸ் சொல்லணும்ங்கிறாங்க. மாவட்டத்துக்கு அடிச்சா, மாநிலத்தைக் கேளுங்கிறாங்க. மாநிலத்துல, தீயணைப்பைக் கேளுங்கிறாங்க!"

"அப்புறம்?"

"என் போன், வீட்டுக்காரர் போன், மாலா போன். மூணுலயும் மூணு பேரைப் புடிச்சு, ஸ்பீக்கர் போட்டு, மேசையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன். 'நீங்களே பேசிக்குங்க சார், பிள்ளை காத்திருக்காது'ன்னு மலாய்ல சொன்னேன்."

"பேசினாங்களா?"

"பேசினாங்களே! முதல்ல தீயணைப்புக்காரர், எந்த வழியா வர்றதுன்னு கேட்டாரு. மாவட்டத்துக்காரர், பாலத்துக்கிட்ட போட்டை இறக்குங்கன்னாரு. மாநிலத்துக்காரர், ஆம்புலன்ஸைப் பாலத்துக்கு அனுப்புறேன்னாரு. அரை மணி நேரத்துல போட் எங்க வாசல்ல நிக்குது அண்ணே!"

"பிள்ளை?"

"பொண்ணு! ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பொறந்தா. ரெண்டு பேரும் சுகம்."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இப்ப மூணு ஆபீசரும் வெள்ளத்துக்குன்னு வாட்சப் குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. யாரு அட்மின்னு அவங்களுக்குள்ள முடிவாகலையாம். கடைசியில என்னையே போட்டுட்டாங்க!"