ஏரிக்கரையில் சிந்திய சிவப்புத் தண்ணீர்

பெயர் சக்கரபாணி, வயது 52, தகப்பனார் பெயர் முருகையன், காலஞ்சென்றவர். தொழில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம், சொந்த நிலத்தில் பயிர்த்தொழிலும் உண்டு. விலாசம் மண்டித் தெரு, திண்டிவனம் டவுன். 1959-ஆம் வருடம் வைகாசி மாதம், விக்கிரவாண்டி ரோட்டோரப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து ஏட்டு நடராசன் அவர்கள் விசாரிக்க, நான் சொல்லிக்கொள்வது:

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி ராஜாமணியுடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள் அம்சா. அவளை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்று காலை விக்கிரவாண்டி ஏரிக்கரை ரோட்டில் சிவப்பாகச் சிந்திக் கிடந்தது என் காரிலிருந்து சிந்தியதுதான், ஆனால் அது ரத்தம் அல்ல. நான் யார்மீதும் காரை ஏற்றவில்லை, ஏற்றிவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மறைக்கவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி ஏட்டு ஐயா கேட்டதால் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1937 மாடல் கறுப்பு நிற இங்கிலீஷ் கார். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்து, பிறகு என் கைக்கு வந்தது. நல்ல வண்டி. இதை நல்ல வண்டி என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். சென்ற வருடம் முதல் அதற்கு ஒரே ஒரு சீக்கு, சூடேறிக் கொதிப்பது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டால் பாதி தூரத்தில் ஆவி கிளம்பிவிடும், ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்காது. கீழே குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. போன தண்ணீர் எங்கே போனதென்று தெரியாமல் நான் பைத்தியம் பிடித்தவன்போல் ஆகிவிட்டேன்.

ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்பது என் கட்சி. அதைக் கழற்றி இரண்டு முறை சோடா உப்புப் போட்டுக் கழுவினேன், ரப்பர் குழாய்களையும் மாற்றினேன், கொதிப்பு நிற்கவில்லை. விழுப்புரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சவுரிராயன் என்பவர், என்ஜின் தலைக்குக் கீழே இருக்கும் கேஸ்கட் கிழிந்து தண்ணீரை உள்ளே குடிக்கிறது என்றார். அப்படியானால் என்ஜின் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்க வேண்டும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரவேண்டும், ரேடியேட்டரில் குமிழி வரவேண்டும். அவரே பார்த்தார், மூன்றும் இல்லை. “எங்க ஒழுவுதுன்னு மட்டும் காட்டுங்க மொதலாளி, மீதிய நான் பாத்துக்குறேன்” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் இதனால் சில காலம் பேச்சுவார்த்தை இல்லை.

இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஏட்டு ஐயா சொன்னார். தேவை என்று நான் வற்புறுத்தியதன்பேரில் எழுதப்படுகிறது.

அதன் பிறகு என் மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்து, இன்று விழுப்புரத்தில் வளைகாப்பு என்று நாள் வைத்தார்கள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். என் சம்பந்தியம்மாள் அஞ்சம்மாள், அதாவது மாப்பிள்ளையின் தாயார், அந்தக் கொதிக்கிற வண்டியில் தன் மருமகளை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சிக் கேட்டதன்பேரில் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “வண்டி வழியில நிக்கக் கூடாது சம்மந்தி. நின்னுதுன்னா அங்கிருந்தே திருப்பி இட்டாந்துடுவேன், பிரசவம் எங்க வூட்லதான்” என்றார். வயிற்றுப்பிள்ளைக்காரி பாதி வழியில் நிற்பது ஆகாது என்பது அவர் நம்பிக்கை. நானும் ஒப்புக்கொண்டேன். அம்சா போன பிறகு என் வீட்டில் நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். மகள் வீட்டுக்கு வரவேண்டும், அதுவும் என் காரில் வரவேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு ஆசை.

இன்று காலை சீர்வரிசைத் தட்டுகளை எல்லாம் ரயிலில் உறவுக்காரர்களோடு அனுப்பிவிட்டு, காரை மட்டும் நான் தனியாக ஓட்டிப் போவதாக ஏற்பாடு. ராஜாமணி ரயிலுக்குக் கிளம்பும் முன் காருக்கு ஆரத்தி சுற்றினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் தளும்பி மட்கார்டில் வழிந்துவிட்டது. துடைத்தும் போகவில்லை. இப்படிக் கறையாக்கிவிட்டாயே என்று நான் கத்தினேன். அதற்கு அவள், “பட்ட எடத்துல கற நிக்குதில்ல? அப்ப அதையே உள்ள ஊத்துங்க. எங்க ஒழுவுதோ அங்க செவப்பாத் தெரிஞ்சுட்டுப் போவுது. ஒரு வருசமா ரெண்டு ஆம்பளைங்க தேடிக்கினு இருக்கீங்க” என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அவள் சொன்னது சரி என்று பட்டது. ஒரு குடம் நிறைய மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கச் சொல்லி ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அதன் பிறகு ஏரிக்கரைக்கு வரும்போது வழக்கம்போல் ஆவி கிளம்பியது. நான் என்ஜினை அணைக்காமல் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். காற்றாடிக்குப் பின்னால் என்ஜின் மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தெறித்திருந்தது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்பில், தண்டு நுழைகிற இடத்திலிருந்து கசிந்துகொண்டிருந்தது. கசிகிற தண்ணீரைக் காற்றாடி வாரி சூடான இரும்பில் அடிக்கிறது, பட்டதும் காய்ந்துவிடுகிறது, என்ஜினை அணைத்தால் கசிவும் நின்றுவிடுகிறது. ஒரு வருடமாக நானும் சவுரிராயனும் என்ஜினை அணைத்துவிட்டுத் தேடியிருக்கிறோம். எனக்கு வந்த சந்தோஷத்தில் நடுரோட்டில் நின்று கூச்சல் போட்டேன்.

அந்தக் கூச்சலைக் கேட்டு, பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த மண்ணாங்கட்டி என்பவர் ஓடி வந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. “ரத்தமா சாமி?” என்று கேட்டார். ஆரத்தி என்றேன். அவர் நம்பாமல் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அவருக்குக் காட்டுவதற்காக நான் ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்திக் காண்பித்ததில்தான் அவ்வளவு தண்ணீர் ரோட்டில் சிந்தியது. அவர் தம் தலைத்துண்டால் என்ஜினைத் துடைத்துவிட்டு, துண்டை அங்கிருந்த முள்வேலியில் காயப்போட்டார். பிறகு கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். வழியில் ஊற்ற ஆள் வேண்டுமே என்றேன். நான் முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே அவர் குடத்தோடு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். காரில் ஏறுவது இதுதான் முதல் தடவை என்று சொன்னார். வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை, அது என் தவறுதான்.

அதன் பிறகு இரண்டு இடங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விழுப்புரம் சேர்ந்து, காரை சவுரிராயனிடம் விட்டேன். அவர் பம்பைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். “சுண்ணாம்ப உள்ள ஊத்துவாங்களா மொதலாளி? அப்பிடியே வெத்தல பாக்கும் போட்டிருக்கலாமே” என்றார். தண்டைச் சுற்றி இருந்த பழைய அடைப்புக் கயிறு சாம்பலாக உதிர்ந்தது. அவர் பருத்தி நூலைத் திரித்துக் கிரீஸில் தோய்த்துப் புதிதாகச் சுற்றி, மரையை இறுக்கி, உள்ளே இருந்த சிவப்புத் தண்ணீரையெல்லாம் அலசி ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பினார். மண்ணாங்கட்டி வளைகாப்புப் பந்தியில் சாப்பிட்டார். பஸ்ஸில் ஊருக்குப் போகச் சொல்லி வழியனுப்பிவிட்டேன். அவர் பஸ்ஸில் ஏறாமல் சினிமாவுக்குப் போனது எனக்குத் தெரியாது.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பிற்பகலில் அம்சா பின்சீட்டில் ராஜாமணியோடு உட்கார்ந்தாள். அஞ்சம்மாள், வண்டி நிற்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவேயில்லை. நான் பேசவில்லை, பேசினால் கண் பட்டுவிடும்போல் இருந்தது. பின்னால் அம்சாவின் கண்ணாடி வளையல்கள் கலகலவென்று கேட்டுக்கொண்டே வந்தன.

அதன் பிறகு விக்கிரவாண்டியில், ரோட்டில் நின்ற கான்ஸ்டபிள் ஒருவர் கையை உயர்த்திக் காரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தது உண்மை. பிறகு நிறுத்தினேன். உடனே மண்ணாங்கட்டியின் மனைவி வீரம்மாள் சிவந்த துண்டோடு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். புருஷனுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுவந்தவள், ஆளைக் காணாமல் ரோட்டில் சிவப்பையும் வேலியில் துண்டையும் கண்டு அலறியிருக்கிறாள். கறுப்புக் கார் ஒன்று நின்று போனதாக மாடு மேய்க்கிறவர்கள் சொல்ல, ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்திருக்கிறாள். அவள் அடித்த அடியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அடித்திருப்பார்கள். அவளைப்பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

ஆள் உயிரோடு வந்து நிற்கும்வரை கார் போகக் கூடாது என்று ஏட்டு ஐயா உத்தரவிட்டார். அது நியாயம். ஆனால் அஞ்சம்மாள் இறங்கிவிட்டார். “வண்டி நின்னுடுச்சு சம்மந்தி” என்றார்.

“போலீசு நிறுத்துனாங்க சம்மந்தி, வண்டியா நின்னுது?” என்றேன்.

“யாரு நிறுத்துனா இன்னா? நின்னுதா, இல்லியா?”

அம்சா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் நான் இன்னும் என்ஜினை அணைக்கவில்லை என்பது கவனத்துக்கு வந்தது. வண்டியின் ஓட்டம் நிற்கவில்லை, நான் அணைக்கவும் மாட்டேன், இந்த வெயிலில் நின்ற இடத்திலேயே ஓடட்டும், கொதித்தால் நானே பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அஞ்சம்மாளிடம் சொன்னேன். ஓடுகிற கார் எதிர்க்காற்றில் ஓரளவு ஆறும். நின்ற இடத்தில் ஓடுகிற காருக்கு அதுவும் கிடையாது, அதைவிடக் கடினமான சோதனை இல்லை. என்ஜினை அணைக்கச் சொன்ன கான்ஸ்டபிளிடம் ஏட்டு ஐயா, “வுடுய்யா, ஓடட்டும்” என்று சொன்னதை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். இதை எழுத வேண்டாம் என்றார், நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது.

அதன் பிறகு நெடுநேரம் கழித்து விழுப்புரம் பஸ்ஸிலிருந்து மண்ணாங்கட்டி இறங்கினார். கையில் வளைகாப்புப் புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது. வீரம்மாள் அந்தத் துண்டாலேயே அவரை நாலு சாத்து சாத்திவிட்டு, பிறகு அதே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “காருல போனேன்டி” என்றார் அவர். “இனிமே சொல்லிட்டுப் போ” என்றாள். இப்போது இருவரும் அந்தச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஆள் வந்துவிட்டாலும் புகார் பதிவாகிவிட்டதால் அதை முடிக்க இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அஞ்சம்மாள் எழுந்து காரிடம் போனார். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, என்ஜினுக்குக் கீழே மண்ணைக் கையால் தடவிப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார், காய்ந்த புழுதிதான் இருந்தது. உள்ளே வந்து ஏட்டு ஐயாவிடம் தானும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார். அவர் சொன்னபடியே எழுதப்படுகிறது: “வண்டி நல்லாத்தான் ஓடிக்கினு வந்துது. கையக் காட்டுனதாலதான் நின்னுது. அது நின்ன கணக்கில்ல. பொண்ணு திண்டிவனம் போவட்டும். ஆனா கொழந்த பொறக்கும்போது இதே வண்டிய அனுப்பி என்ன இட்டுக்கினு போவணும், அதையும் சேத்து எழுதுங்க.”

இதற்கு நான் சம்மதிக்கிறேன்.

மேலே கண்டதெல்லாம் நான் என் சுயபுத்தியோடு சொன்னது, பொய் ஒன்றும் கலக்கவில்லை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது. படித்துக் காட்டிய நேரம் முழுவதும் வெளியே என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்தச் சத்தம் ஏட்டு ஐயாவுக்கும் கேட்டது.

(ஒப்பம்) மு. சக்கரபாணி

சாட்சி: அஞ்சம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை