குழாயில் தட்டிய சத்தம்

காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எனக்கு அன்றைய நாள் நன்றாகப் போகும், சார். அன்றைக்கும் கிடைத்தது.

எண்ணெய்க் கசிவைக் கண்காணிப்பது என் வேலை. தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் படகுத்துறைக் கம்பத்திலுள்ள லேசர் காட்டிக்கொடுக்கும். கடலடிக் குழாயில் ஓட்டை விழுந்து சீறினால், அங்கே பொருத்திய ஒலிக்கருவி வழியாக என் ஹெட்போனில் கேட்கும்.

காலை ஒன்பதரைக்கு லேசர் எச்சரித்தது. சின்னத் திட்டுதான். போன மாதம் ஒரு பொய் எச்சரிக்கையை நம்பி, எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்த கப்பலை நிறுத்தி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். பயந்தேன். 'வெயில் மினுக்கம்' என்று பதிந்து மூடிவிட்டேன்.

பதினோரு மணிக்குக் குழாயும் சீறியது. அப்போது சொன்னால், காலையில் ஏன் மூடினாய் என்பார்கள். அதனால் ஒப்பந்த முக்குளிப்பாளர் பொன்ராஜைக் கூப்பிட்டேன்.

"ஒரு போல்ட் லூசா இருக்கு. யாருக்கும் தெரிய வேணாம்."

"அவ்ளோதானே மேடம், டீ ஆர்றதுக்குள்ள வந்துர்றேன்" என்று சிரித்தார்.

முதுகில் ஒரு சிலிண்டர், முக்கால் மணி நேரக் காற்று. படகில் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி கூட்டாளி ஜார்ஜ் மட்டும்.

இருபது நிமிடத்தில் சீறல் நின்றது. கெட்டிக்காரர். உடனே, குழாய்க்குக் காவலாகக் குவித்திருந்த கற்கள் சரியும் சத்தம். பிறகு இரும்பில் தட்டும் சத்தம். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று.

வயர்லெஸ்ஸில் ஜார்ஜ் பதறினார். "மேடம், கயிறு இஸ்தா வர்ல. ஆள கூப்டவா?"

"பொறுங்க, வேலை முடிஞ்சிருக்காது."

மீட்புப் படகு கால் மணி நேரத்தில் வந்துவிடும். வந்தால் எண்ணெயையும் பார்த்துவிடுவார்கள். ஒரு தடவை போனைக் கையில் எடுத்துவிட்டுத்தான் வைத்தேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தட்டல் வேகமாகி ஒழுங்கு தப்பியது. என் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறதோ என்றுகூடத் தோன்றியது. ஹெட்போன் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். திரையில் மட்டும் அந்தத் தட்டலின் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"மேடம், உன் மிஷின்ல அவன் சத்தம் எதுனா கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லு, ஹார்பருக்குப் போன் போட்டுர்றேன்."

"எதுவும் கேக்கலை, ஜார்ஜ்."

கோடு படுத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பொய் சொன்னதாகப் பொன்ராஜின் மனைவி சிவந்தியிடம் ஜார்ஜ் சொல்லியிருக்கிறார். அது நியாயமில்லை, சார். அவர் கேட்டபோது ஒலி பூஜ்யத்தில் இருந்தது. எனக்கு உண்மையிலேயே எதுவும் கேட்கவில்லை.